சிறுமூளை: கற்றல், நினைவு, நடத்தை

சிறுமூளை பிடரிக்கு உட்புறம், பெருமூளையின் பின்பகுதிக்குக் கீழே நெருக்கமான மடிப்புகளாய் அமைந்துள்ளது. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி இதற்குள் இருக்கின்றன. உடல் தள்ளாடாமல் காப்பதே இதன் வேலை என்று நெடுங்காலம் கருதினார்கள். அந்தக் கருத்து இப்போது போதாது.

சிறுமூளைக்குக் கற்றலிலும் பங்கு உண்டு என்பதை ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலை மலையில் கண்ணாலேயே பார்க்கலாம். மலைக்குப் புதிதாய் வந்த பெண் ஒவ்வொரு கொழுந்தையும் பார்த்துப் பார்த்துத்தான் கிள்ளுவாள். முற்றிய இலையும் கூடைக்குள் போய்விடும். இருபது வருடம் கொழுந்தெடுத்தவளின் பார்வை காலடிக் கல்லில் இருக்கும்போதே, இரு கைகளும் இரண்டு இலையும் மொட்டுமாய்க் கிள்ளி, பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாய்க் கூடைக்குள் எறியும். எப்படி என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. இத்தகைய கைப்பழக்க நினைவில் மூளையின் வேறு பகுதிகளோடு சிறுமூளைக்கும் பெரும் பங்கு உண்டு.

பிழையே சிறுமூளைக்கு ஆசான். டேவிட் மார் 1969இலும் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971இலும் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இது: தவறு நேரும்போது ஏறுநார்கள் எனும் நரம்பிழைகள் சிறுமூளையின் பர்க்கின்ஜி நரம்பணுக்களுக்குச் செய்தி அனுப்ப, அங்குள்ள இணைப்புகளின் வலிமை மாறுகிறது. அப்படியொரு மாற்றத்தை மசாவோ இட்டோ குழுவினர் 1982இல் சோதனையில் கண்டார்கள். ரிச்சர்ட் தாம்சன் முயல்களில் செய்த சோதனை இன்னும் தெளிவானது. ஓசை கேட்டதும் கண்ணில் காற்று படும் என்று பழகிய முயல், ஓசைக்கே இமைக்கத் தொடங்கும். சிறுமூளையின் ஆழத்திலுள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதியைச் சிதைத்ததும் அந்தப் பழக்கம் அழிந்தது. காற்றுக்கு இமைப்பது மட்டும் மாறவில்லை.

நடத்தை பற்றிய சான்று பிந்தியது. 1998இல் ஜெரமி ஷ்மாமனும் ஜேனட் ஷெர்மனும் சிறுமூளை பாதித்த 20 நோயாளிகளை விவரித்தார்கள். திட்டமிடல், சொல்வளம், இடவுணர்வு ஆகியவை குன்றின. சிலருக்கு உணர்ச்சி மங்கியது, சிலர் அடக்கமிழந்தார்கள். எண்ணத்தையும் சிறுமூளை அசைவைப் போலவே திருத்துகிறதா என்பதில் இன்னும் ஒருமித்த முடிவில்லை. ஆனால் அதை வெறும் சமநிலை உறுப்பாகக் கருத இனி இடமில்லை.

மது சிறுமூளையைக் கெடுக்கும். சில பரம்பரை நோய்களும் கெடுக்கும். கெட்டால் நடையும் பேச்சும் தடுமாறும். ஆகவே தள்ளாடி நடந்து, நாக்குழறிப் பேசுகிறவரைக் கசிப்புக் குடித்தவர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். திடீரென்று அப்படி ஆனால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.