உரித்த பிறகு எஞ்சும் ஈயம்

பழைய உலோகப் பொம்மைச் சிப்பாய்களைச் சேகரிப்பவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று பாருங்கள். பழைய பெயிண்டை உரிக்கலாமா, கூடாதா? சாயங்காலம் முழுக்க அந்தச் சண்டை ஓடும். ஒரு பக்கம், பெயிண்ட் போனால் பொம்மையின் மதிப்பே போச்சு என்பவர்கள். இன்னொரு பக்கம், இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ அள்ளி அப்பிய பெயிண்டுக்கு என்ன மரியாதை, உரித்துவிட்டுப் புதுசாகப் பூசு என்பவர்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் இரண்டு தரப்பும் பேசுவது உண்மையில் வேறு வேறு பொம்மைகளைப் பற்றி. அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இருநூற்றைம்பது வருஷ வரலாறு இருக்கிறது.

1770களில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் ஹில்பெர்ட் குடும்பத்தார் வெள்ளீயத்தில் தட்டையான சிப்பாய்களை வார்த்து விற்றார்கள். அட்டையில் வெட்டியதுபோல் மெல்லிசான உருவங்கள். அவற்றுக்கு உடம்பைக் கொடுத்ததே வண்ணம்தான். மடிப்பு, நிழல், முகம் எல்லாம் தூரிகை வேலை. 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்ற இளைஞர் ஒரு தந்திரத்தைப் புகுத்தினார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்ற வேண்டியது, ஓரம் மட்டும் இறுகியதும் அச்சைக் கவிழ்த்து மிச்சத்தை வெளியே கொட்டிவிட வேண்டியது. உள்ளே வெற்றிடம், வெளியே முழு உருவம். உலோகம் மிச்சம், எடை மிச்சம், விலையும் மலிவு. 54 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்கள் பெட்டி பெட்டியாகப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. 1913இல் எச். ஜி. வெல்ஸ் இவற்றை வைத்து விளையாடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார்.

வார்த்தவரின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. பூசியவர்களின் பெயர் நிற்கவில்லை. பிரிட்டன் நிறுவனத்தின் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆரம்ப காலத்தில் பலர் வீட்டுக்கே பொம்மைகளை வாங்கிச் சென்று கூலிக்குப் பூசித் தந்தார்கள். கண் என்றால் ஒரு புள்ளி, கன்னத்தில் ஒரு சிவப்புத் தொடுகை, மீசைக்கு ஒரு கோடு. ஒரே நாளில் எத்தனையோ முகங்கள். அந்தப் புள்ளி சற்றே கோணலாக விழுந்திருந்தால், அது சோர்ந்துபோன ஒரு கை விட்ட தடம். அந்தப் பெண்கள் எழுதிவைத்த ஆவணம் என்று நம் கையில் இருப்பது அந்தப் பெயிண்ட் மட்டுமே.

நமக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிரிட்டன் நிறுவனத்தின் பட்டியலில் பிரிட்டிஷ் இந்தியப் படைப்பிரிவுகளும் இருந்தன. மெட்ராஸ் குதிரைப்படையும் காலாட்படையும் அவற்றில் அடக்கம். ஒரே வார்ப்பை எடுத்துச் சட்டையின் நிறத்தை மாற்றி வேறொரு படைப்பிரிவாக விற்பது அந்தத் தொழிலின் அன்றாட வழக்கம். அச்சு தலைப்பாகையைத் தரும். அது எந்த மாகாணத்துத் தலைப்பாகை என்பதைப் பெரும்பாலும் வண்ணம்தான் சொல்லும். அந்தப் பழுப்பு முகமும் வண்ணம்தான். அதைப் பூசியவர், தான் பூசுகிற ஆட்களில் ஒருவரைக்கூட நேரில் பார்த்திருக்காத ஒரு லண்டன் பெண்ணாக இருக்கலாம். அந்தச் சிப்பாயை ரசாயனத்தில் போட்டு எடுத்தால் சாம்பல் நிற ஈயம் மிஞ்சும். மெட்ராஸ்காரன் இருக்கமாட்டான். பேரரசு அவனை எப்படிப் பார்த்தது என்பதற்கான சாட்சியும் இருக்காது.

1966இல் பிரிட்டன் நிறுவனம் ஈய வார்ப்பை நிறுத்தியது. பிள்ளைகளின் பொம்மையில் ஈயம் கூடாது என்ற சட்ட நெருக்கடி ஒரு காரணம், பிளாஸ்டிக்கின் மலிவு இன்னொரு காரணம். ஆனால் உலோக உருவங்கள் ஒழிந்துவிடவில்லை. 1970களில் அமெரிக்காவில் ரால் பார்தா, இங்கிலாந்தில் சிட்டடெல் போன்ற நிறுவனங்கள் மாயாவிகளையும் பூதங்களையும் வார்க்கத் தொடங்கின. இவை வெறும் உலோகமாகவே விற்கப்பட்டன. வாங்கியவரே பூசிக்கொள்ள வேண்டும். உரிப்பது என்பது ஒரு கலையாகவே வளர்ந்தது இங்கேதான். பதின்மூன்று வயதில் பூசியது முப்பதில் பிடிக்காது. அல்லது வேறொருவர் பூசியது கைமாறி வரும். தொழிற்சாலை வண்ணம் என்று ஒன்று இல்லாததால் 'அசல்' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மேலே சொன்ன இரண்டு தரப்பும் பிரிந்தது இந்தப் புள்ளியில்தான்.

உரிக்கும் மருந்துகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. காஸ்டிக் சோடா பழைய எண்ணெய் வண்ணத்தைச் சவர்க்காரமாக்கிக் கரைக்கும். ஆனால் விட்டுவைத்தால் உலோகத்தையும் கடிக்கும், கையையும் கடிக்கும். டைகுளோரோமீத்தேன் கலந்த பெயிண்ட் நீக்கிகள் சில நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே முடித்துவிடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2009இலும் அமெரிக்கா 2019இலும் பொதுமக்களுக்கு அதை விற்பதற்குத் தடை முடிவெடுத்தன. அசிட்டோன் உலோகத்தை ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் கை, கேடயம் ஏதாவது ஒட்டியிருந்தால் அது கூழாகிவிடும்.

எல்லாவற்றையும்விட வேடிக்கையானது டெட்டால். 1930களில் பிரிட்டனில் கிருமிநாசினியாக வந்த அதே டெட்டால், நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் அதே பழுப்புப் புட்டிதான். அதில் உள்ள பைன் எண்ணெய் அக்ரிலிக் வண்ணத்தை இளக்கிவிடும். தண்ணீர் கலக்காமல் ஊற்றி, மூடிவைத்து, மறுநாள் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வண்ணம் தோலாகக் கழன்று வரும். அவசரப்பட்டுத் தண்ணீரில் காட்டினால் போச்சு. டெட்டால் பால்போல் வெளுத்து, இளகிய வண்ணம் பிசினாகித் திரும்பவும் இடுக்குகளில் ஏறிக்கொள்ளும். முதலில் சுத்தமான டெட்டாலிலேயே அலசி, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, கடைசியில்தான் தண்ணீர். கையுறை அவசியம். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் வைத்து உலர்ந்த நிலையில் தேய்ப்பது கூடவே கூடாது.

ஈயத்தின் கதை இத்தோடு முடியாது. வண்ணம் உரிந்த ஈயத்தை ஓக் மர அலமாரியில் அடைத்துவைத்தால், மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவியும் காற்றின் ஈரமும் சேர்ந்து அதன்மேல் வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். சேகரிப்பாளர்கள் இதை ஈய அழுகல் என்கிறார்கள். விசேஷம் என்னவென்றால், ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய ஈயவெள்ளையைத் தயாரித்த முறையும் இதுதான். ஈயத் தகடுகளைக் காடி ஆவியில் வைத்துப் பொடியைச் சுரண்டி எடுப்பார்கள். அதாவது, உரித்துப் போட்ட சிப்பாய் தன் உடம்பையே தின்று தனக்கொரு வண்ணம் செய்துகொள்கிறான். வண்ணம் அவனுக்கு அலங்காரம் மட்டுமல்ல, ஒரு காப்பும்கூட.

சுத்தம் செய்கிறேன் என்று வரலாற்றைச் சுரண்டியவர்கள் பொம்மைக்காரர்கள் மட்டுமல்ல. 1937-38இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தனான் சிற்பங்களைச் செப்புக் கருவிகளால் தேய்த்து வெள்ளையாக்கினார்கள். பளிங்கு என்றால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பு. அந்தச் சிற்பங்கள் ஒருகாலத்தில் வண்ணம் பூசப்பட்டவை. அடியில் இருப்பதே உண்மை, மேலே இருப்பது அழுக்கு என்ற நம்பிக்கை, கையில் பிரஷ் எடுக்கும் எல்லோரையும் பிடிக்கும் வியாதி போலிருக்கிறது.

ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும் என்பார்கள். இந்த விஷயத்தில் அந்த மழுப்பல் செல்லாது. ஒரு பக்கம் நின்றுதான் ஆகவேண்டும். பூசாமல் விற்கப்பட்ட உருவத்தை உரிப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதன் இயல்பே திரும்பத் திரும்பப் பூசப்படுவதுதான். தொழிற்சாலை வண்ணத்தோடு வந்ததை, அது எவ்வளவு உதிர்ந்திருந்தாலும், உரிக்கக்கூடாது. எது எது என்று தெரியாதபோது முதலில் கவிழ்த்துப் பாருங்கள். பிரிட்டனின் ஆரம்பகாலப் பொம்மைகளில் அடிப்பாகத்தில் ஒரு சின்னக் காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். பிறகு வந்தவற்றில் எழுத்து உலோகத்திலேயே புடைத்திருக்கும். காகிதம் டெட்டாலில் தாங்காது. அப்புறம் லென்ஸ் வைத்து முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு ஒரு புள்ளி, கன்னத்தில் ஒரு தொடுகை இருந்தால் புட்டியை மூடிவிடுங்கள்.