பற்றாக்குறையிலிருந்து சர்க்கரை வரை: திருவிதாங்கூர்த் தாய்மாரின் உணவு வரலாறு

கர்ப்பகால நீரிழிவு இருப்பதாகக் கண்டறியப்படும் பெண் முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டை. இனிப்பை அதிகம் தின்றாயா, உடம்பை அசைக்காமல் இருந்தாயா என்று வீட்டார் கேட்கின்றனர். நோய் அவளுடைய கடந்த சில மாத நடத்தையின் விளைவு என்பது இக்கேள்விகளின் உட்பொருள். ஆனால் திருவனந்தபுரத்தை மையமாக வைத்து இந்நோயின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், கணக்கு சில மாதங்களில் முடிவதில்லை. இரண்டு மூன்று தலைமுறைகள் பின்னோக்கிச் செல்கிறது. அத்தொடர்ச்சியைச் சுருக்கமாக முன்வைப்பதே இப்பதிவின் நோக்கம்.

திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையைத் தானே நிறைவு செய்துகொண்ட நாடு அன்று. மலைச்சரிவுகளில் தேயிலையும் ரப்பரும், சமவெளியிலும் கடற்கரையிலும் தென்னையும் பரவப் பரவ, பணப்பயிர் விற்ற காசில் பர்மா அரிசி வாங்கி உண்ணும் பொருளாதாரம் உருவாயிற்று. நாட்டின் நெற்களஞ்சியமாக இருந்தது தமிழ் பேசும் நாஞ்சில் நாடு. ஏழையரின் வயிற்றை நிரப்பியதோ மரவள்ளிக்கிழங்கு. குமரி மாவட்டத் தமிழில் மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இக்கிழங்கின் சாகுபடியை ஊக்குவித்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. மேட்டு நிலத்திலும் விளையும், மழை பொய்த்தாலும் முற்றாகக் கைவிடாது, குறைந்த உழைப்பில் நிறைய மாவுச்சத்தைத் தரும் என்பன அதன் சிறப்புகள். புரதம் மிகக் குறைவு என்பது அதன் குறை. கடற்கரையில் அக்குறையை மீன் ஓரளவு ஈடுசெய்தது. மீன் வாங்க வகையற்ற வீட்டில் கிழங்கு தனித்தே நின்றது.

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றது. அப்போது திவானாக இருந்தவர் சர் சி. பி. இராமசுவாமி ஐயர். பங்கீட்டு முறை வந்தது. ஆயினும் கூலிக் குடும்பங்களைப் பட்டினி பற்றியது. வங்கப் பஞ்சத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. அதே ஆண்டுகளில் திருவிதாங்கூரில் நிகழ்ந்ததை அறிய நமக்கு உதவும் முதன்மையான ஆவணங்களுள் ஒன்று, கே. ஜி. சிவசுவாமியும் உடன் பணியாற்றியோரும் 1945இல் வெளியிட்ட அறிக்கை. 1943-44 ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தையும் ஊட்டக்குறைவு நோய்களையும் அது ஒருசேரப் பதிவு செய்கிறது. பஞ்சத்தைப் பிணங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்காமல், உயிரோடு எஞ்சியவர்களின் உடல்நிலையாலும் அளக்க முனைந்தது அதன் பெருமை. அவ்வாண்டுகளில் கருவுற்றிருந்த தாய்மாரும் அவர்கள் ஈன்ற மகள்களும் அந்த எஞ்சியவர்களுள் அடங்குவர்.

அக்காலத் திருவிதாங்கூரில் பேறுகால மருத்துவம் பின்தங்கியிருந்தது என்று கருதிவிடலாகாது. இலண்டனில் மருத்துவம் பயின்று 1916இல் நாடு திரும்பிய மேரி புன்னன் லூக்கோஸ், தைக்காட்டு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். நாட்டு மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கு முறையான மகப்பேற்றுப் பயிற்சி அளித்தார்; 1938இல் அரசின் சர்ஜன் ஜெனரல் ஆனார். 1951இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும், 1952இல் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையும் வந்தன. இவையெல்லாம் தாயும் சேயும் பிழைப்பதை உறுதி செய்வதற்கான அமைப்புகள். பேற்றில் சாவு அச்சுறுத்திய காலத்தில், தாயின் இரத்தச் சர்க்கரை யாருடைய முதன்மைக் கவலையாகவும் இருந்திருக்க முடியாது. சாவு பின்வாங்கிய பிறகே நோய் கண்ணுக்குத் தெரிந்தது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மொழிவழி நியாயம் நிறைவேறிய அந்நாளில் கேரளம் தன் நெற்களஞ்சியங்களுள் ஒன்றை இழந்தது. மரவள்ளியின் இன்றியமையாமை மேலும் கூடிற்று. 1963இல் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டு, பின்னர் ஸ்ரீகாரியத்தில் நிலைகொண்டதற்கு இப்பின்னணி உண்டு.

இதே காலத்தில்தான் வறுமையையும் நீரிழிவையும் இணைக்கும் முதல் விவாதம் கேரளத்தில் எழுந்தது. நீரிழிவு செல்வர் நோய் என்பது பொதுக் கருத்து. கேரள மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் கண்டதோ மெலிந்த, ஏழ்மைப்பட்ட இளம் நோயாளிகளை. அவர்களுடைய கணையத்தில் கற்கள் இருந்தன. 1968இல் அவர் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். மரவள்ளியிலுள்ள சயனைடு சேர்மங்கள், புரதக் குறைவோடு சேர்ந்து கணையத்தைச் சிதைக்கின்றனவோ என்ற கருதுகோள் 1979இல் ஆய்விதழில் முன்வைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவைத் தனி வகையாக ஏற்றது. 1999இல் அவ்வகையை நீக்கியது. மரவள்ளி உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டதால் கிழங்கின் மீதான குற்றச்சாட்டு வலுவிழந்தது. ஆயினும் கீவர்கீஸ் எழுப்பிய அடிப்படை வினா அழியவில்லை: பட்டினி கணையத்தை என்ன செய்கிறது? 2025இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு, ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவை 'ஐந்தாம் வகை' என்று மீண்டும் ஏற்றுக்கொண்டிருப்பது அவ்வினாவின் ஆயுளைக் காட்டுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த மற்றொரு பங்களிப்பு பொருளியலாளருடையது. 1984இல் வளர்ச்சி ஆய்வு மையத்தின் பி. ஜி. கே. பணிக்கரும் மருத்துவர் சி. ஆர். சோமனும் கேரளத்தின் உடல்நலத்தை ஒரு முரண் என்று விளக்கினர். இறப்பு விகிதம் குறைவு, நோயுற்றிருப்போர் அதிகம். கேரள முன்மாதிரி என்று உலகம் புகழ்ந்த சாதனையின் மறுபக்கம் அது. உயிர் காப்பதும் உடலை ஊட்டுவதும் வெவ்வேறு பணிகள். முன்னது நிறைவேறிய வேகத்தில் பின்னது நிறைவேறவில்லை.

இனி கருவறைக்கு வருவோம். கருவுற்ற காலத்தின் நடுப்பகுதியிலிருந்து நச்சுக்கொடி சுரக்கும் இயக்குநீர்கள் தாயின் உடலில் இன்சுலினின் செயலை மட்டுப்படுத்துகின்றன. குளுக்கோஸ் சேய்க்குச் சென்றடைய வேண்டும் என்பதற்கான இயற்கையின் ஏற்பாடு அது. தாயின் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. ஈடுகட்ட இயலாத கணையமே கர்ப்பகால நீரிழிவாக வெளிப்படுகிறது. ஆகவே கேட்கவேண்டிய வினா, அந்தக் கணையம் எப்போது, எந்த உணவால் உருவானது என்பது. இன்சுலின் சுரக்கும் செல்களின் அடித்தளம் அப்பெண் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதும் பிறந்த சில ஆண்டுகளிலும் அமைகிறது. 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் ஆகியோர் இவ்வழியில் ஒரு கருதுகோளை முன்வைத்தனர்: கருவில் ஊட்டம் குன்றினால் உடல் சிக்கனத்துக்குப் பழகுகிறது; பின்னர் உணவு பெருகும்போது அச்சிக்கனமே நோயாகிறது. 1944-45 குளிர்காலப் பட்டினியின்போது ஆம்ஸ்டர்டாமில் கருவிலிருந்தவர்களை ஐம்பது வயதளவில் ஆராய்ந்த 1998ஆம் ஆண்டு ஆய்வு, அவர்களுடைய உடல் குளுக்கோஸைக் கையாளும் திறனில் குறைவைக் கண்டது. டச்சுப் பட்டினி சில மாதங்கள் நீடித்தது. திருவிதாங்கூர்க் கூலிக் குடும்பங்களின் பற்றாக்குறைக்கு அத்தகைய தெளிவான தொடக்கமும் முடிவும் இல்லை.

தென்னிந்தியாவின் சான்று மைசூரிலிருந்து வந்தது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பிறந்த குழந்தைகளின் அளவுகளைக் குறித்து வைத்திருந்தது. 1934க்கும் 1954க்கும் இடையே அங்குப் பிறந்தவர்களைத் தேடிக் கண்டு ஆராய்ந்த குழுவின் முடிவு 1998இல் வெளியானது. எடை குன்றிப் பிறந்தவர்களிடம் நீரிழிவு மிகும் என்பது எதிர்பார்ப்பு. காணப்பட்டது வேறு: நீளம் குறைந்து, நீளத்துக்கு மீறிய பருமனுடன் பிறந்தவர்களிடமும், எடை மிக்க தாய்மாரின் பிள்ளைகளிடமும் நீரிழிவு மிகுந்திருந்தது. இளமையில் ஊட்டம் குன்றி, பின்னர் எடை கூடிய தாயின் இரத்தத்தில் கருவுற்ற காலத்தில் சர்க்கரை ஏறியிருக்கலாம். அதுவே சேயைப் பாதித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். பட்டினிக்கும் பெருக்கத்துக்கும் இடையிலான பாலமாகக் கர்ப்பகால நீரிழிவு இங்கே தென்படுகிறது. அதே நகரில் பின்னர் நடந்த ஆய்வு, கருவுற்ற காலத்தில் வைட்டமின் பி12 குறைந்த பெண்களிடம் உடற்பருமனும் கர்ப்பகால நீரிழிவும் கூடுதலாக இருப்பதை 2009இல் எடுத்துக்காட்டியது. கலோரி போதுமானதாக இருந்தும் ஊட்டம் குன்றியிருக்கலாம் என்பதே இதன் பொருள்.

நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக்கியதில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பங்கு பெரிது. 2002-03 காலப்பகுதியில் இந்திய நகரங்கள் சிலவற்றில் அவர் தலைமையில் நடந்த கணக்கெடுப்பில் கர்ப்பகால நீரிழிவு ஒட்டுமொத்தமாக 16.55 விழுக்காடு; திருவனந்தபுரத்தில் 15 விழுக்காடு. உண்டிருந்தாலும் உண்ணாதிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் அருந்தச் செய்து, இரண்டு மணி நேரத்துக்குப் பின் 140 மில்லிகிராம் என்ற எல்லையை நோக்கும் எளிய சோதனையை அவர் வலியுறுத்தினார். வெறும் வயிற்றோடு தொலைதூரத்திலிருந்து வர இயலாத கூலிப் பெண்ணை மனத்திற்கொண்ட முறை அது. நடுவணரசின் வழிகாட்டுதலும் பின்னர் இம்முறையையே ஏற்றது.

2019-21 காலப்பகுதியின் நிலையைத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று காட்டுகிறது. கேரளப் பெண்களுள் 38.1 விழுக்காட்டினர் அதிக எடையுடையோர், 36.3 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். இவை இரண்டு தனித்தனி மக்கள் கூட்டங்கள் எனக் கொள்ள இயலாது. இரு நிலைகளும் ஒரே உடலில் குடியிருக்கக் கூடும். பங்கீட்டுக் கடை அரிசி பட்டினியைத் தடுத்தது, அது பேரறம். ஆனால் பருப்பும் முட்டையும் காயும் அவ்வளவு மலிவாக வந்து சேரவில்லை. அரிசியைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லும்போது, அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பது அவ்வீட்டின் வருவாயைப் பொறுத்த வினாவாகிவிடுகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. குற்றத்தை மகளிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து பாட்டிக்கும் மாற்றுவதாக இக்கருவறைக் கோட்பாடு திரிந்துவிடக் கூடாது. 1943இல் கிழங்கை மட்டும் உண்டு கருவைச் சுமந்தவள் அவ்வுணவைத் தேர்ந்தெடுத்தவள் அல்லள். பணப்பயிரை நம்பிய நிலக்கொள்கை, போர், கூலி விகிதம், அடுக்களையில் பெண் கடைசியாக உண்ணும் வழக்கம் ஆகியவை சேர்ந்து அதைத் தேர்ந்தெடுத்தன. கருவறையை மட்டும் ஆராய்ந்து, அதைச் சூழ்ந்த நாட்டை விட்டுவிடும் ஆய்வு பாதி ஆய்வே.

வரலாறு பயில்வோருக்கு இதில் ஒரு பணியும் உண்டு. மைசூரில் மருத்துவர்களுக்கு வழிகாட்டியது யாரோ ஒரு செவிலி நாள்தோறும் எழுதிவைத்த பிறப்பேடு. பழைய மகப்பேற்று மருத்துவமனைகளின் ஏடுகளையும், பங்கீட்டு ஆணைகளையும், பஞ்ச அறிக்கைகளையும் ஒருசேர வைத்துப் படிக்க வேண்டும். இன்று இருபத்தைந்து வயதில் குளுக்கோஸ் நீரைக் குடித்துவிட்டு மருத்துவமனை வராந்தாவில் இரண்டு மணி நேரம் காத்திருக்கும் பெண்ணின் நோய்க்குறிப்பு, அவள் பிறப்பதற்கு முன்பே எழுதப்படத் தொடங்கியது. அதன் முற்பகுதியைத் தேடிப் படித்துச் சொல்லும் கடமை நம் துறைக்கு உரியது.