செக்ரோலும் பள்ளிப் பதிவேடும்



விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கிராணியார் பெயர் கூப்பிட்டதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செக்ரோலில் பெயர் ஏறினால்தான் அன்றைய சம்பளம். அதே தோட்டத்தில் இன்னோர் ஏடும் இருந்தது. அது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. அதில் பிள்ளையின் பெயர் ஏறினால்தான் பள்ளிக்கு அரசாங்க மானியம். இந்த இரண்டாவது ஏட்டின் கதையை இன்று பார்ப்போம்.

இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆனால் தோட்டங்களில் பள்ளிகள் பரவியது ரப்பர் வந்த பிறகுதான். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்றது.

பள்ளி வேண்டும் என்று சொன்ன சட்டம், அது எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை. ஆகவே பல தோட்டங்களில் லயத்தை ஒட்டிய ஒரு கொட்டகையே பள்ளியாயிற்று. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியரானார். எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியர் என்ற நிலையும் சாதாரணமாக இருந்தது.

இந்த நிலையை மாற்றக் கூடியதாக இருந்தது அரசாங்க மானியம். மானியம் வேண்டுமானால் பள்ளியைப் பதிவு செய்ய வேண்டும். பரிசோதகர் வந்து பார்க்க இடம் கொடுக்க வேண்டும். பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். சராசரியாக எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் தொகை கணக்கிடப்பட்டது.

இதில்தான் நம் குடும்பங்களுக்குச் சிக்கல் வந்தது. தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டப் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளை வீட்டில் நின்றாள். சற்று வளர்ந்த பையன் புல் வெட்டப் போய்ச் சில காசு கொண்டு வந்தான். பிள்ளைகள் வராதபோது சராசரி குறைந்தது. சராசரி குறைந்தால் மானியமும் குறைந்தது. மானியம் குறைந்த பள்ளியில் நல்ல ஆசிரியர் நிலைக்கவில்லை. "அங்கே போய் என்ன படிக்கப் போகிறது?" என்று பெற்றோர் சலித்துக்கொண்டார்கள். அவர்கள் மீது குறை சொல்வதற்கில்லை. அரை வயிற்றுச் சம்பளம் அப்படிச் செய்ய வைத்தது. எனினும் பிள்ளையை நாள் தவறாமல் அனுப்பிய ஒவ்வொரு தாயும், தனக்குத் தெரியாமலே, பள்ளிக்காக ஒரு மானிய மனுவை எழுதிக்கொண்டிருந்தாள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சுதந்திரம் கிடைத்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பிறகு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. ஆனால் தோட்டத்து நிலத்தில் நின்ற பள்ளிகள் பகுதி உதவிப் பள்ளிகளாகவே இருந்தன. கட்டடத்திற்கும் கூரைக்கும் பள்ளி வாரியம் முயன்று பணம் தேட வேண்டும். தோட்டம் கைமாறியபோது, "நிலப் பத்திரம் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் தவித்த பள்ளிகள் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், மக்கள் பட்டணம் போயும், சிறு பள்ளிகள் பல மூடப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை 500க்குச் சற்று அதிகம்.

இந்த வரலாற்றிலிருந்து நம் சங்கங்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. தேவை இருப்பதனால் மட்டும் மானியம் வருவதில்லை. தேவையை ஏட்டில் காட்டுகிறவர்களுக்குத்தான் அது வருகிறது. 2014இல் செடிக், அதன் பின் 2018இல் மித்ரா என்று இந்தியச் சமுதாயத்திற்கான மானியங்களைக் கவனிக்க அரசாங்கம் அமைப்புகளை ஏற்படுத்தியபோதும் கேட்கப்பட்டது கணக்கும் சான்றும்தான்.

ஆகவே மாதர் சங்கம் போன்ற சங்கங்களைத் தொடங்குகிறவர்கள், முதலில் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏழு பேர் கூடினாலே சங்கம் அமையும். ஆண்டுக் கூட்டம் நடத்தி, குறிப்பேடு எழுதி, ஆண்டறிக்கையைத் தவறாமல் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கு தலைவர் பெயரில் அல்ல, சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். மனுவில், "எங்களுக்கு உதவுங்கள்" என்று எழுதினால் போதாது. எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை மாதம், என்ன வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்று எழுத வேண்டும். விலைப்பட்டியலை இணைக்க வேண்டும். இறுதி நாளுக்கு முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் வாங்கி வைக்க வேண்டும். பணம் வந்தபின், கேட்ட காரியத்துக்கே செலவழித்து ரசீதுகளோடு கணக்குக் காட்ட வேண்டும். இந்த ஆண்டு காட்டாத கணக்கு அடுத்த ஆண்டு கதவை அடைத்துவிடும்.

"இவ்வளவையும் யார் எழுதுவது?" என்று கேட்கலாம். தோட்டப் பள்ளியில் படித்து வந்த நம் பிள்ளைகள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களைச் செயலாளராகவும் பொருளாளராகவும் உட்கார வைப்போம். செக்ரோலில் ஒரு நாள் பெயர் விடுபட்டாலும் வாதாடி வாங்கியவர்கள் நாம். சங்கத்தின் ஏட்டிலும் அந்தக் கவனம் இருக்கட்டும்.