ஒரு பேக் சீமெந்தும் எங்கட ஊட்டுச் சரித்திரமும்

எங்கட கூட்டாளி ஒருத்தர்ட ராத்தாவுக்குக் கல்யாணம் பேசி முடிஞ்சிட்டு. ஊடுதான் முடியல்ல. முன் விறாந்தைக்குக் கூரை மாத்தணும், குசினிச் சுவரை எழுப்பணும். ஹாட்வெயார் கடையில எழுதித் தந்த விலைத்துண்டைப் பார்த்து வாப்பா பேச்சு மூச்சில்லாம இருந்தார். பக்கத்துல இருந்த மூத்தம்மா சொன்னா: "எங்கட ஊடு கட்டக்குள்ள காசு குடுத்து வாங்கின சாமான் ஆணி மட்டும்தான்."

அந்த ஒரு வசனம்தான் எங்களை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது. வளவுக்குள்ளேயே கிடைத்த வீடு எப்போது கடைச் சாமானாக மாறியது?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இந்தக் கேள்விக்கு ஒரு தனிப் பாரம் இருக்கிறது. எங்கட பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. ஆகவே சீமெந்து விலை ஏறினால் இங்கே கட்டடம் மட்டும் நிற்பதில்லை, கல்யாணமும் நிற்கிறது.

மூத்தம்மா சொன்ன வீடு எது? தென்னோலையை ஊறப்போட்டுப் பின்னின கிடுகு கூரைக்கு. கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, களிமண் அப்பினால் சுவர். கிடுகை அடிக்கடி மாற்றத்தான் வேண்டும், ஆனால் செலவு பெரும்பாலும் உடல் உழைப்புதான். வசதியானவர்கள் செங்கல்லும் ஓடும் போட்டார்கள். இடையில் பூச, பவளக்கல்லையும் சிப்பியையும் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. கடற்கரை ஊர்களுக்கு அது கைக்கெட்டின சாமான். ஆனால் பவளப் பாறை கரையைக் காக்கிற வேலி. அதை உடைத்துச் சுட்டால் அலை ஊருக்குள் வரும். 1981ல் வந்த கரையோரப் பாதுகாப்புச் சட்டமும், 1988ல் அதற்கு வந்த திருத்தமும் பவளம் தோண்டுவதற்குத் தடை போட்டன. மலிவு என்று நினைத்ததன் உண்மையான விலை அப்போதுதான் தெரிந்தது.

இதற்கிடையில் சீமெந்து வந்துவிட்டது. காங்கேசன்துறை ஆலை 1950ல் தொடங்கியது. பிறகு புத்தளம், 1980களில் திருகோணமலை. 1990ல் யுத்தத்தால் காங்கேசன்துறை ஆலை நின்றுபோனது. அதற்குப் பிறகு நாடு இறக்குமதியை இன்னும் கூடுதலாக நம்ப வேண்டியதாயிற்று. வீட்டின் விலையை ஊரில் தீர்மானிக்கிற காலம் அதோடு முடிந்தது.

1978 நவம்பர் 23 சூறாவளியை ஊரில் இன்னும் ஒரு காலக் கணக்காகவே சொல்வார்கள்: "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி". மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தென்னைகள் சரிந்து கிடந்தன. கிடுகு வீடு பறந்ததோடு, அடுத்த கிடுகு தருகிற மரமும் போய்விட்டது. காற்றுக்கு நிற்கிற வீடு வேணும் என்ற பயமும் கூட வந்தது.

பிறகு 2004 டிசம்பர் 26. இலங்கையிலேயே அதிகம் உயிரிழந்தது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். முழுதாக உடைந்த வீட்டுக்கு அரசு உதவி 250,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 100,000. இரண்டுமே கட்டம் கட்டமாக. எல்லா ஊரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியபோது மணலும் கல்லும் மேசன் கூலியும் ஏறின. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற விதி வேறு. பிறகு அது குறைக்கப்பட்டது. மருதமுனையில் '65 மீற்றர்' என்பது ஒரு வீட்டுத் திட்டத்தின் பேராகவே நிலைத்துவிட்டது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோடு கட்டின 500 வீடுகள் யாருக்கு என்ற இழுபறி உயர் நீதிமன்றம் வரை போனது. சீமெந்து பூசி, கூரை போட்டு முடித்த வீடுகள் பல வருஷம் ஆளில்லாமல் காடு மூடிக் கிடந்தன. அதே மாவட்டத்தில் ஆட்கள் பத்து பேக் சீமெந்துக்கு அலைந்துகொண்டிருந்தார்கள்.

கூரைக் கதை இன்னும் விசித்திரம். அஸ்பெஸ்டஸ் சீற்று மலிவு, பாரம் குறைவு, கடல் காற்றுக்குத் தகரம் மாதிரித் துருப்பிடிக்காது. ஆனால் அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம். 2018லிருந்து இறக்குமதியை நிறுத்துவதாக அரசு சொன்னது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா எங்கட தேயிலையைத் தடுத்தது. அஸ்பெஸ்டஸ் விற்கிற பெரிய நாடும் ரஷ்யாதான். கொஞ்ச நாளில் இந்தத் தடையும் போனது, அந்தத் தடையும் போனது. சாய்ந்தமருதில் ஒரு குசினிக்கு எந்தக் கூரை என்பது எங்கே தீர்மானமாகிறது பாருங்கள்.

2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த 50 கிலோ பேக், 2022ல் மூவாயிரத்தைத் தாண்டியது. பாதிச் சுவரோடு நின்ற வீடுகளை இப்பவும் காணலாம்.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது இதுதான்: மலிவு என்று கையில் வருவதை இரண்டு தரம் பார்க்கணும். கடல் மணல் முன்னாலேயே கிடக்கிறது, ஆனால் அதன் உப்பு கொங்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியைத் தின்றுவிடும். விலை ஏறும் என்ற பயத்தில் சீமெந்தை வாங்கி அடுக்கினால், மூன்று மாதத்தில் அதன் பலம் குறையத் தொடங்கும். பழைய சீற்றை உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்கணும். ஆனால் பழைய ஓடு, கதவு, நிலை நல்லாயிருந்தால் அதைவிட மலிவான நல்ல சாமான் இல்லை.

ராத்தாட ஊட்டுக்கும் கடைசியில் அதுதான் நடந்தது. மூத்தம்மாட பழைய வீட்டு ஓட்டைக் கழுவி, உடையாததைப் பொறுக்கி, விறாந்தைக்குப் போட்டாங்க. குசினிச் சுவர் இன்னும் இடுப்பளவுதான். கல்யாணத் தேதியை இரண்டு மாதம் தள்ளிப் போட்டாச்சு.

உங்கட வீட்டிலும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்: எந்தச் சுவர் எந்த வருஷம், என்ன சாமான், அந்தக் காசு எங்கேயிருந்து வந்தது? ஊர்ச் சரித்திரத்தில் பாதி அதிலேயே இருக்கும்.