தந்தையின் நோயும் மகளின் துணையும்

வானாராய்ச்சியாற் புகழ்பெற்ற இத்தாலிய அறிஞர் கலிலியோ, மூட்டு வலியாற் பல்லாண்டுகள் வருந்தினார். அக்காலத்து வைத்தியரால் அதனை மாற்ற இயலவில்லை. அவருக்குத் துணைநின்றவர், ஆர்செற்றி என்னும் ஊரின் கன்னியர் மடத்தில் மருந்து செய்யும் பணியிலிருந்த மூத்த மகள் மரிய செலெஸ்தே. மடத்தின் வாயிலைக் கடக்கலாகாத அவர், குளிகைகள் செய்து அனுப்பினார். கழுத்துப்பட்டைகளைத் தைத்துக் கொடுத்தார். மதுவில் அளவு காக்குமாறு எழுதினார். 1631 இல் தந்தையார் மடத்தின் அருகே குடிபுகுந்தார். 1633 இல் திருச்சபையின் விசாரணை மன்று அவரைத் தண்டித்தபோது, வாரந்தோறும் அவர் ஓத வேண்டிய ஏழு சங்கீதங்களையும் ஓதும் கடனை மகளே ஏற்றார். 1634 இல், தமது 33ஆம் வயதில், அவர் மறைந்தார். தந்தைக்கு அவர் வரைந்த கடிதங்களுள் 124 இன்றும் உள்ளன. நோயைத் தீர்க்க இயலாதபோதும் நோயாளரைத் தனியே விடாதிருத்தல் இயலும் என்பதற்கு அவை சான்று பகர்கின்றன.