சீனக் காதற் கவிதையில் தாவோ நெறியும் இயற்கையும்

பழஞ்சீனக் காதற் கவிதைகளில் மலை, மேகம், ஆறு, பறவை ஆகியவை காதலர் நிலையைக் குறிப்பால் உணர்த்துகின்றன. இவற்றுள் தாவோ நெறியிலிருந்து வந்தவை எவை, அதற்கு முற்பட்ட நாட்டார் மரபுக்கு உரியவை எவை என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை.

மிகப் பழைய தொகுப்பான கவித்தொகையில் (சீஜிங்) 305 பாடல்கள் உள்ளன. இவை கி.மு. 11 முதல் 7 வரையிலான நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பர். முதற்பாட்டு ஆற்றுத்திட்டில் குரல்கொடுக்கும் பறவைகளோடு தொடங்குகிறது. ஹான் காலத்து உரைகாரர்கள் அதை அரசியின் நற்பண்புக்குரிய புகழ்ச்சியாக்கினர். தாவோ நெறியின் அடிப்படை நூலாக லாவோ ட்சு பெயரில் வழங்குவது இத்தொகுப்புக்குப் பிற்பட்டதாகலின், இப்பாடல்களில் தாவோ கருத்தைத் தேடுவது பிற்கால வாசிப்பே ஆகும்.

தெற்கே சூ நாட்டில் ச்சூ யுவான் (கி.மு. 340–278 அளவில்) இயற்றியதாகச் சொல்லப்படும் ‘ஒன்பது பாடல்கள்’, நறுமணச் செடிகளை ஏந்தி ஆற்றுத் தெய்வத்துக்காகக் காத்திருக்கும் பூசாரியின் ஏக்கத்தைப் பாடுகின்றன. இவற்றின் வேர் தெய்வமேறி ஆடும் வழிபாடு என்பதே பெரும்பான்மைக் கருத்து. எனினும் பழைய சூ நிலப்பகுதியான ஹூபெயின் குவோதியனில் 1993இல் கிடைத்த மூங்கில் ஏடுகளில் லாவோ ட்சு நூற்பகுதிகள் இருந்தமை, அங்கு தாவோ சிந்தனையும் வழங்கியதைக் காட்டுகிறது. சோங் யூ எழுதியதாகக் கருதப்படும் உரைப்பாட்டில் வரும் ஊ மலைத் தேவி காலையில் மேகமும் மாலையில் மழையுமாகிறாள். மேகமும் மழையும் கூடலைக் குறிக்கும் மரபு இதைத் தொட்டே வளர்ந்தது.

ஷூ லிங் 6ஆம் நூற்றாண்டில் ஒரு காதற்கவிதைத் தொகுப்பை உருவாக்கினார்.

எனினும் காதற் கவிதையும் தாவோ நெறியும் இணைந்ததற்குத் தாங் காலத்துக்கே (618–907) சான்றுகள் மிகுதி. அரச குடும்பம் லாவோ ட்சுவைத் தன் மூதாதையாகக் கொண்டாடியது. 711இல் இளவரசியர் இருவர் தாவோ துறவு ஏற்றனர். துறவுப் பெண்கள் பயணம் செய்யவும், ஆண்களோடு கவிதை பரிமாறவும் இடமிருந்தது. பேரரசர் சுவான்சோங் தம் மகனின் மனைவி யாங் யூஹுவானை முதலில் தைச்சென் என்ற பெயரில் துறவியாக்கி, 745இல் தம் துணைவியாக்கினார். பாய் சூயி 806இல் இயற்றிய நெடும்பாடலில், இறந்த அவளைத் தாவோ சித்தர் ஒருவர் கடல்நடுவே அமரர் தீவில் கண்டறிகிறார். அவள் தன் கொண்டை ஊசியை முறித்து ஒரு பாதியைக் கொடுத்தனுப்புகிறாள். பிணைந்த கிளை மரங்களும் இணைச்சிறகுப் பறவைகளும் அங்கே காதலுறுதிக்குச் சான்றாகின்றன.

செங்டு நகரின் பெண் கவிஞர் ஷ்வே தாவ் முதிர்வயதில் தாவோ உடை தரித்தார். கவிதை எழுதவென்றே அவர் சிறிய செந்நிறத் தாள்களைச் செய்தார்; அச்சிவப்புக்குப் பூச்சாறு சேர்க்கப்பட்டதாக 1637இல் வெளிவந்த தொழில்நூல் கூறும். சாங்கானில் தாவோ மடத்தில் வாழ்ந்த பெண் கவிஞர் யூ சுவான்ஜியின் ஏறத்தாழ 50 கவிதைகள் எஞ்சியுள்ளன. பணிப்பெண்ணைக் கொன்றதாக அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்ட கதை வம்புச்செய்திகள் மலிந்த தொகுப்பொன்றில் வருவதால், ஐயத்தோடே கொள்ளப்படுகிறது.

இளமையில் மலையில் தாவோ கல்வி பெற்ற லீ ஷாங்யினின் (813–858 அளவில்) தலைப்பில்லாக் கவிதைகளில் பட்டுப்புழு, மெழுகுவர்த்தி, மேற்குத்திசைத் தாய்த்தெய்வத்தின் நீலப்பறவைத் தூது ஆகியன இடம்பெறுகின்றன. அணுகவியலாத காதலிக்கு எட்டாத அமரர் மலையைப் போன்ற உறைவிடம் வேறில்லை. அக்காதலி ஒரு தாவோ துறவி என 1927இல் சூ ஷ்வேலின் வாதிட்டார். இக்கவிதைகள் ஆதரவு தராத அதிகாரியிடம் வைத்த முறையீடே என்போரும் உளர்.

இம்மரபை ஆராய்ந்தோருள் எட்வர்ட் ஷேஃபர், தாங் காலக் கவிஞர் சாவ் தாங்கின் அமரர் கவிதைகள் குறித்து 1985இல் நூல் வெளியிட்டார். கவித்தொகையின் பாடல்கள் சிலவற்றை மொழிபெயர்ப்பாளர் பயணி சீனத்திலிருந்து நேரடியாகத் தமிழாக்கியுள்ளார்.