வெண்மார்புக் கானாங்கோழி

வெண்மார்புக் கானாங்கோழி, நீர்நிலைகளின் ஓரத்துப் புதர்களை ஒட்டி வாழும் நடுத்தர அளவுள்ள பறவை. தமிழ்நாட்டில் கானாங்கோழி, சம்புக்கோழி, கம்புள் எனப் பல பெயர்களில் அறியப்படுகிறது. சிங்களத்தில் இதைக் கொரவக்கா என்பர். பெயரில் கோழி இருந்தாலும் வீட்டுக் கோழிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. நாமக்கோழி, தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி ஆகியவை அடங்கிய ராலிடே குடும்பத்தைச் சேர்ந்தது இது. அந்தக் குடும்பமோ பெருங்கொக்குகள் இடம்பெறும் வரிசைக்குள் வருகிறது. அறிவியல் பெயர் அமௌரோர்னிஸ் பீனிகுரஸ்.

ஏறக்குறைய 30 செ.மீ. நீளம் இருக்கும். முகம், கழுத்தின் முன்பக்கம், மார்பு ஆகியவை தூய வெள்ளை. முதுகும் இறகும் கருஞ்சாம்பல். வயிற்றின் அடிப்பகுதியும் வாலடியும் செம்பழுப்பு. அலகு பச்சை கலந்த மஞ்சள். மேல் அலகின் அடியில் சிவப்பு இருக்கும். கால்கள் மஞ்சள், விரல்கள் மிக நீளம். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நடக்கும்போது குட்டை வாலை நிமிர்த்தி ஓயாமல் வெட்டி வெட்டி ஆட்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வாலடியின் செம்மை தெரிந்து மறையும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிட நல்ல அடையாளம் வேறில்லை.

இந்தக் குடும்பத்துப் பறவைகளின் உடல் பக்கவாட்டில் ஒடுங்கியது. நெருக்கமாக வளர்ந்த கோரைத் தாள்களை அசைக்காமல் இடையே நுழைந்து போக அந்த ஒடுக்கம் உதவுகிறது. நீண்ட விரல்கள் உடல் எடையைப் பரப்பிவிடுவதால் சேற்றிலும் மிதக்கும் இலைகளிலும் கால் புதையாது. விரலிடைச் சவ்வு இல்லாவிட்டாலும் கானாங்கோழி நீந்தும். ஆபத்து நெருங்கினால் பறப்பதைவிட ஓடிப் புதருக்குள் மறைவதையே விரும்பும். வேறு வழியின்றிப் பறந்தாலும் கால்களைத் தொங்கவிட்டபடி சிறிது தொலைவு சென்று மறுபடி புதரில் இறங்கிவிடும்.

அந்தத் தடுமாற்றமான பறத்தலைப் பார்த்து இதைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. பாகிஸ்தான், இந்தியா, இலங்கை தொடங்கி தென் சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வரை இது பரவியிருக்கிறது. வடக்கே வாழ்பவற்றில் ஒரு பகுதி குளிர்காலத்தில் வலசை போகிறது. இந்தியப் பெருங்கடலின் நடுவிலுள்ள மாலத்தீவிலும் இது நிலைத்து வாழ்கிறது; அந்நாட்டின் தேசியப் பறவையும் இதுவே. கடல் கடந்து தீவுகளை எட்டுவது இந்தக் குடும்பத்தின் தனித்திறமை. எட்டிய பின், வேட்டையாடும் விலங்கு இல்லாத தீவுகளில் பறக்கும் ஆற்றலையே இழந்துவிட்ட இனங்கள் பல. எலியும் பூனையும் பாம்பும் கப்பலேறி வந்தபோது அவற்றில் பெரும்பாலானவை அழிந்தன. குவாம் தீவின் கானாங்கோழியைப் பழுப்பு மரப்பாம்பு காட்டிலிருந்தே துடைத்தெடுத்தது. கூண்டில் வளர்த்துக் காப்பாற்றிப் பக்கத்துத் தீவுகளில் மீண்டும் விட வேண்டியிருந்தது. பறக்கும் ஆற்றலைக் கைவிடாத நம் கானாங்கோழிக்கு அந்த நிலை நேரவில்லை.

அறிவியல் உலகுக்கு இது அறிமுகமானது இலங்கை வழியாக. அங்கே 1752 முதல் 1757 வரை ஒல்லாந்து ஆளுநராக இருந்த லோட்டன், டி பெவெர் என்ற ஓவியரைக் கொண்டு உள்ளூர் உயிரினங்களை வரையச் செய்தார். அந்தத் தொகுப்பைப் பயன்படுத்தித் தாமஸ் பென்னன்ட் 1769இல் வெளியிட்ட இந்திய விலங்கியல் நூலில் இந்தப் பறவை முறையாக விவரிக்கப்பட்டது. அவர் சூட்டிய பீனிகுரஸ் என்ற பெயர் செவ்வாலைக் குறிக்கும்.

பூச்சி, புழு, நத்தை, சிறு மீன், விதை, இளந்தளிர் எல்லாம் இதன் உணவு. தரையைக் கொத்தியும் ஆழமற்ற நீரில் துழாவியும் இரை தேடும். இதன் உறவினங்களில் பல, மனித வாடை பட்டாலே ஒளிந்துகொள்ளும். கானாங்கோழி அப்படியல்ல. காலையிலும் மாலையிலும் புதரை விட்டு வெளியே வந்து சாலையோரச் சாக்கடை, தோட்டத்து வாய்க்கால், வீட்டுக் கொல்லை என்று துணிவாக மேயும். சென்னையின் பள்ளிக்கரணையில் காணக் கிடைக்கும் இது, ஊர்ப்புறத்தில் பெயரில்லாத குட்டைகளிலும் கிடைக்கும்.

ஆண்டின் பெரும்பகுதி அமைதியாக இருக்கும் பறவை, மழை தொடங்கியதும் அடியோடு மாறிவிடும். புதரின் உச்சியில் ஏறி நின்று "கொர்… க்வாக், க்வாக்" என்று கரகரத்த குரலில் நிறுத்தாமல் கத்தும். விடியலிலும் அந்தியிலும் மட்டுமல்ல, இரவு முழுவதும் கூடக் கேட்கும். ஒரு பறவையின் குரலுடன் அதன் இணையும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு சிறிய உடலிலிருந்து இவ்வளவு பெரிய ஓசையா என்று புதிதாகக் கேட்பவர்கள் வியப்பார்கள்; தவளைக் கூட்டம் என்று நினைப்பவர்களும் உண்டு.

இனப்பெருக்கம் பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரை. மழையைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். குச்சி, கொடித்தண்டு, இலைகளைக் கொண்டு குழிவான கூட்டைத் தரையில் செடிகளுக்கு நடுவிலோ மூங்கில் புதரிலோ கட்டும். பெரும்பாலும் 6 அல்லது 7 முட்டைகள். பெற்றோர் இருவரும் மாறி மாறி அடைகாக்க, 19 நாள் அளவில் குஞ்சு பொரியும். குஞ்சுகள் கரிநிறத் தூவியுடன் பிறந்து, விரைவிலேயே கூட்டை விட்டிறங்கித் தாய் தந்தையரின் பின்னால் ஓடும். நீரில் முங்கவும் செய்யும். கீரி, பாம்பு, நாய், பூனை எல்லாம் அவற்றுக்குக் காத்திருக்கும் பகைகள்.

சங்க இலக்கியத்தின் மருதத் திணைப் பாடல்களில் வரும் கம்புள் இந்தப் பறவையே என்று கருதப்படுகிறது. அங்கே அதன் நெற்றி வெண்மையாகச் சொல்லப்படுவதால் நாமக்கோழியையும் எண்ணிப் பார்க்க இடமுண்டு.

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதைக் கவலைக்கிடமில்லாத இனமாக வகைப்படுத்தியுள்ளது. பரப்பும் எண்ணிக்கையும் பெரியவை என்பதால் அது சரியே. ஆனால் கானாங்கோழியின் வாழ்வு நீரின் நடுவில் இல்லை, கரையில்தான் இருக்கிறது. கோரையும் சம்பும் நாணலும் தாழம்புதரும் அடர்ந்த அந்த ஓரத்தை அழகுபடுத்துவதாகச் சொல்லி மழித்து, கருங்கல்லும் சிமென்ட்டும் பதித்து நடைபாதை போட்டால், குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் இதற்கு அங்கே இடமில்லை. நீர்த்தாவரத்தை அகற்றும்போது கரையோரப் புதரில் ஒரு பகுதியையாவது விட்டுவைப்பதும், அந்த வேலையை மழைக்காலத்துக்கு வெளியே செய்வதும் செலவில்லாத பாதுகாப்பு. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து இரையைக் குறைக்கிறது. இறைச்சிக்காகக் கண்ணி வைத்துப் பிடிக்கும் வழக்கமும் இன்னும் முழுதாக ஒழியவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.